குடத்து விளக்கும் குன்றின் விளக்கும்
(தனிப் படைப்பாளரின் கணினி விளையாட்டுகள் உலகறிந்த வரலாறு)

குடத்துள் இட்ட விளக்கும் குன்றின்மேல் இட்ட விளக்கும் ஒளியால் வேறுபடுவன அல்ல, இடத்தால் வேறுபடுவன. புலவர் பலரின் வாழ்வைக் கூறுமிடத்துத் தமிழாசிரியர்கள் இவ்வுவமையை எடுத்தாள்வர். ஒரு நூல் சிறந்ததாய் இருந்தால் மட்டும் போதாது. அதன் சிறப்பை அறிந்த ஒருவர், அறியாத மற்றொருவரிடம் அதனை எடுத்துரைக்கவும் வேண்டும். 1880ஆம் ஆண்டில் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார், இளம் ஆசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையரைச் சந்தித்து, பயின்ற நூல்கள் எவை என்று வினவினார். பழைய காப்பியங்களைப் பயின்றதுண்டா என்றும் கேட்டார். அவ்வினாவின் பயனாகவே 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. ஒருவர் தொடுத்த வினா ஒரு காப்பியத்தைக் குன்றின்மேல் ஏற்றியது.

இந்நிலை இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. மாணவர் உலகில் இன்று பெரிதும் இடம்பெற்றுள்ள கணினி விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். கணினி விளையாட்டு என்றவுடன் ஆசிரியர் பலர் முகஞ்சுளிப்பது இயல்பே. பாட நேரத்தைப் பறிக்கும் பகையாக அதனைக் கருதுவோர் உளர். அக்கருத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும், பல்லாயிரவர் ஊதியம் பெற்றுழைக்கும் பெருநிறுவனங்கள் உருவாக்கும் விளையாட்டுகளே இத்துறையின் முழுமையும் ஆகா. ஓர் அறையில் ஒருவரோ இருவரோ அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கும் சிறு விளையாட்டுகளும் உள. அவற்றை மேலைநாட்டார் 'இண்டி' விளையாட்டுகள் என்பர். எவருக்கும் கட்டுப்படாமல் தம் விருப்பப்படி படைக்கப்படுவன என்பது அதன் பொருள். அத்தகைய படைப்புகள் எவ்வாறு கண்டெடுக்கப்பட்டன, யார் யாரால் பரிந்துரைக்கப்பட்டன, எவை காணாமற்போயின என்பதன் வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்தரவல்லது.

பெயரின்றி வாழ்ந்த படைப்பாளர்

கணினி விளையாட்டின் தொடக்கத்தில் வாணிகம் இல்லை. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் அவர்தம் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை உருவாக்கினர். அதனை அவர்கள் விற்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்தனர். அவ்வகைக் கணிப்பொறி இருந்த பிற ஆய்வுக்கூடங்களுக்கும் அது பரவியது. நண்பர் நண்பருக்குச் சொல்லும் பரிந்துரையே அதன் ஒரே விளம்பரம்.

வாணிகம் வந்தபின் நிலை மாறியது. 1970களின் இறுதியில் அடாரி நிறுவனம் உலகப் புகழ்பெற்ற விளையாட்டுகளை வெளியிட்டது. ஆயினும், அவற்றை உருவாக்கியவர் பெயர் எங்கும் இடம்பெறவில்லை. வாரன் ராபினெட் என்பார் தாம் தனியே உருவாக்கிய 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டினுள், எளிதில் புலப்படாத ஓர் அறையை அமைத்து, அதனுள் தம் பெயரைப் பொறித்து வைத்தார். நிறுவனத்தாரிடம் இதனை அவர் கூறவில்லை. அவர் பணியைவிட்டு விலகிய பின்னரே, யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். ஒளித்து வைத்ததைத் தேடிக் காணும் பண்டிகை விளையாட்டை நினைவூட்டியதால், இத்தகைய மறைபொருளுக்கு 'ஈஸ்டர் முட்டை' என்னும் பெயர் நிலைத்தது.

தன் பெயரைத் தன் படைப்பினுள்ளேயே மறைத்துவைக்க நேர்ந்த படைப்பாளியின் நிலை எண்ணற்பாலது. அந்நிறுவனத்தின் படைப்பாளர் நால்வர் 1979இல் அங்கிருந்து விலகி, ஜிம் லெவி என்பாருடன் சேர்ந்து ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். தம் பெயர் வெளிவரவேண்டும் என்பதும் அவர்தம் குறிக்கோள்களுள் ஒன்றாகும். ஒரு படைப்பைப் பரிந்துரைப்பவர் அதன் ஆசிரியர் பெயரையும் சேர்த்துக் கூறவேண்டும் என்னும் முதற்பாடம் இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகின்றது.

ஒலிநாடாவும் மாணவத் திறனாய்வாளரும்

1982இல் இங்கிலாந்தில் 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்னும் விலை குறைந்த கணினி வெளிவந்தது. விளையாட்டுகள் ஒலிநாடாவில் பதியப்பெற்று விற்கப்பட்டன. நாடாவில் பதிவது எளிதாதலின், பள்ளி மாணவரும் படைப்பாளராயினர். 'மேனிக் மைனர்' என்னும் விளையாட்டை 1983இல் உருவாக்கிய மேத்யூ ஸ்மித், அப்போது பதின்பருவம் கடவாத இளைஞர். வீட்டறைகளிலிருந்து விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் புறப்பட்டன. நல்லன எவை, அல்லன எவை என்று பிரித்தறிவது வாங்குவோர்க்குக் கடினமாயிற்று. ஒலிநாடாவின் அட்டைப்படம் ஒன்றை நம்பிச் சிறுவர் தம் சேமிப்பை இழந்தனர்.

இக்குறையைப் போக்க இதழ்கள் தோன்றின. 1984இல் லட்லோ என்னும் சிற்றூரிலிருந்து 'கிராஷ்' என்னும் இதழ் வெளிவரலாயிற்று. அவ்விதழின் சிறப்பு யாதெனில், அவ்வூர்ப் பள்ளி மாணவரையே அது திறனாய்வாளராக அமர்த்திக்கொண்டமையாகும். ஒரு விளையாட்டைப் பற்றி ஒருவர் கருத்தோடு நில்லாமல் மூவர் கருத்தை அது வெளியிட்டது. மூவரும் உடன்பட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஒருவர் போற்றியதை மற்றொருவர் குறைகூறுவதும் உண்டு. அதனைப் படித்த சிறுவன், தன் சுவையோடு ஒத்த சுவையுடையவர் யார் என்பதைக் காலப்போக்கில் அறிந்துகொண்டான். திறனாய்வுக் கலையை வகுப்பறைக்கு வெளியே மாணவர் பயின்ற அருமையான நிகழ்ச்சி இது. கட்டுரைப் பாடம் கற்பிப்போர் இதனைக் கருத்திற்கொள்ளல் தகும்.

அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் இருவர், டேவிட் பிரேபனும் இயன் பெல்லும், 'எலைட்' என்னும் விளையாட்டை உருவாக்கினர். விண்வெளியில் வணிகம் செய்து வாழும் ஒருவனின் வாழ்வு அது. முதலில் அதனைப் பார்த்த வெளியீட்டு நிறுவனம் ஒன்று ஏற்க மறுத்தது. மூன்று உயிர், பத்து நிமிட ஆட்டம், எண்ணிக்கையில் மதிப்பெண் என்னும் அக்கால வழக்கில் அது அடங்கவில்லை என்பதே காரணம். பின்னர் ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் அதனை வெளியிட்டது. அது பெரும்புகழ் எய்தியது. வழக்கத்தில் அடங்காமை குறையன்று. சிலவேளைகளில் அதுவே சிறப்பாம் என்பதனை முதல் நிறுவனம் உணரத் தவறியது.

மாஸ்கோவிலிருந்து கைமாறி வந்தது

பரிந்துரை ஒன்றனாலேயே உலகை வலம்வந்த விளையாட்டுக்கு 'டெட்ரிஸ்' தலைசிறந்த சான்று. 1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியற் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் அதனை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய 'எலெக்ட்ரானிகா 60' என்னும் பொறியில் படம் வரையும் ஆற்றலே இல்லை. அடைப்புக்குறிகளைக் கொண்டே அவர் சதுரங்களை அமைத்தார். வதீம் கெராசிமோவ் என்னும் பள்ளி மாணவர், அதனைப் பிற கணினிகளிலும் இயங்குமாறு மாற்றியமைக்கத் துணைநின்றார்.

அந்நாட்டில் அதனை விற்பதற்கு வழியில்லை. ஆகவே, நெகிழ்வட்டில் படியெடுத்து ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்தனர். மாஸ்கோ முழுவதும் அது பரவிற்று. எல்லை கடந்து ஹங்கேரி நாட்டை அடைந்தது. 1986இல் புடாபெஸ்டில் அதனைக் கண்ட ராபர்ட் ஸ்டைன் என்னும் வணிகர் மேலைநாடுகளில் அதற்கு உரிமம் பெற முயன்றார். 1988இல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அதனை ஆடிப்பார்த்த ஹெங்க் ரோஜர்ஸ், வரிசையில் நின்று மீண்டும் மீண்டும் ஆடினார். அவர் முயற்சியால் 1989இல் நின்டென்டோ நிறுவனத்தின் 'கேம் பாய்' என்னும் கையடக்கப் பொறியோடு அது சேர்ந்தது. அதன்பின் கோடிக்கணக்கானோர் கையில் தவழ்ந்தது. ஆயினும், படைத்தவர்க்கு உரிமைத்தொகை கிடைக்கத் தொடங்கியது 1996ஆம் ஆண்டிற்குப் பின்னரே. விளக்கு குன்றின்மேல் ஏறியது. ஏற்றியவர்க்குப் பயன் கிட்டியது. திரித்த திரிக்கு உரியவர் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

சுவைத்தபின் வாங்குதல்

படைத்தவர்க்கு நேரே பயன் சேர்க்கும் வழி ஒன்று அமெரிக்காவில் தோன்றியது. 1982இல் ஆண்ட்ரூ புளூகல்மேன், ஜிம் நாஃப் ஆகியோர் தம் மென்பொருள்களை எவரும் படியெடுத்துப் பயன்படுத்தலாம், பயன் கண்டவர் பணம் அனுப்பலாம் என்னும் முறையில் வெளியிட்டனர். பாப் வாலஸ் இம்முறைக்குச் 'ஷேர்வேர்' என்னும் சொல்லை வழங்கினார். பகிர்மென்பொருள் எனலாம். வாங்குபவரின் நேர்மையை மட்டுமே நம்பிய முறை இது.

விளையாட்டுத் துறையில் இதனைச் சீர்செய்தவர் ஸ்காட் மில்லர். 1987இல் 'குரோஸ்' என்னும் விளையாட்டின் முதற்பகுதியை அவர் இலவசமாய் வழங்கினார். எஞ்சிய பகுதிகளைப் பணம் அனுப்பியோர்க்கு மட்டும் அளித்தார். முதல் அதிகாரத்தைப் படித்தவன் முழுநூலையும் வாங்க விரும்புவது போன்றதே இது. 1993 டிசம்பர் 10ஆம் நாள் 'டூம்' என்னும் விளையாட்டு இம்முறையில் வெளிவந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் அது ஏற்றப்பெற்றது. அங்கிருந்து உலகெங்கும் படியெடுக்கப்பட்டது. கடைக்காரரின் தயவும் பெருநிறுவனத்தின் ஒப்புதலும் இன்றி ஒரு சிறுகுழு உலகை எட்டக்கூடும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

விருதும் வாக்கும்

1998இல் அமெரிக்காவில் தனிப் படைப்பாளர்க்கென விளையாட்டு விழா ஒன்று நிறுவப்பெற்றது. 1999 முதல் ஆண்டுதோறும் விருதுகள் வழங்கப்பட்டு வருகின்றன. 2000ஆம் ஆண்டின் பெரும்பரிசைப் பெற்றவர் சியூமஸ் மெக்நாலி என்னும் கனடிய இளைஞர். அவர் புற்றுநோயுற்றிருந்தார். தம் குடும்பத்தாரோடு சேர்ந்து உருவாக்கிய 'டிரெட் மார்க்ஸ்' என்னும் விளையாட்டுக்குப் பரிசு பெற்ற அதே மாதத்தில், 21ஆம் வயதில், அவர் மறைந்தார். அதன்பின் அப்பெரும்பரிசுக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. பெயரை மறைத்துவைக்க நேர்ந்த காலத்திலிருந்து, படைப்பாளி ஒருவர் பெயராலேயே பரிசு வழங்கும் காலத்திற்கு இத்துறை இருபதே ஆண்டுகளில் வந்துசேர்ந்தது.

விருதுக்குழுவில் சிலர் தேர்ந்தெடுப்பர். அதற்கு மாறாகப் பலரும் தேர்ந்தெடுக்கும் முறையும் எழுந்தது. டாம் ஃபல்ப் என்பார் நடத்திய 'நியூகிரவுண்ட்ஸ்' என்னும் இணையத்தளத்தில் எவரும் தம் சிறு விளையாட்டை வைக்கலாம். வருவோர் ஆடிப்பார்த்து வாக்களிப்பர். வாக்குக் குறைந்தவை நீக்கப்படும். பதின்பருவத்தினர் பலர் தம் முதல் படைப்பை அங்கு அரங்கேற்றினர், கடுஞ்சொல்லையும் கேட்டனர், திருத்திக்கொண்டு மீண்டும் வந்தனர். பழந்தமிழகத்தில் நூல்கள் அவையில் அரங்கேறிய முறையை இது ஒருவாறு ஒத்தது. அவையோர் மட்டும் புலவரல்லர். வழிப்போக்கர் என்பதே வேறுபாடு.

தனியொருவர் தவம்

2004 டிசம்பரில் ஜப்பானியரான டைசுகே அமாயா 'டோகுட்சு மொனோகதாரி' என்னும் விளையாட்டை இலவசமாய் வெளியிட்டார். குகைக் கதை என்பது அதன் பொருள். கதை, ஓவியம், இசை, கணினிநிரல் ஆகிய அனைத்தும் அவர் ஒருவர் கைவண்ணமே. ஓய்வு நேரங்களில் ஐந்தாண்டுகள் அவர் உழைத்திருந்தார். ஜப்பானிய மொழியில் மட்டும் இருந்த அதனை, ஆர்வலர் குழு ஒன்று ஊதியம் கருதாமல் ஆங்கிலத்தில் பெயர்த்தது. அப்பெயர்ப்பே அதனை உலகுக்குக் காட்டியது. மொழிபெயர்ப்பும் ஒருவகைப் பரிந்துரையே; அதுவும் மிகக் கடின உழைப்பைக் கோரும் பரிந்துரை. ஓர் இளைஞன் ஓய்வு நேரத்தில் உருவாக்கியதை மற்றும் சில இளைஞர் ஓய்வு நேரத்தில் உலகறியச் செய்தனர். 2010இல் அது நின்டென்டோ பொறிக்கும் வந்தது.

அமெரிக்கச் சகோதரர் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் ஆகியோரின் 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' இன்னும் வியப்புக்குரியது. 2006இல் அது வெளிவந்தபோது அதில் படமே இல்லை. எழுத்துகளும் குறிகளுமே மலைகளாகவும் மாந்தராகவும் நின்றன. அதனைக் கற்பதோ மிகக் கடினம். ஆயினும், ஒரு முழு உலகின் வரலாற்றையே அது தன்னுள் புனைந்து காட்டியது. ஆடியோர் தம் கோட்டை எவ்வாறு எழுந்தது, எவ்வாறு அழிந்தது என்பதைக் கதையாக எழுதலாயினர். ஒருவர் ஓராண்டு ஆண்டு முடித்து, அக்கோட்டையை அடுத்தவரிடம் ஒப்படைத்து, தத்தம் ஆட்சியைத் தத்தம் நடையில் எழுதிய தொடர்களும் தோன்றின. விளையாட்டை ஆட இயலாதோர் அக்கதைகளைப் படித்தே அதன்பால் ஈர்க்கப்பட்டனர். சகோதரர் இருவரும் ஆர்வலர் அனுப்பிய நன்கொடையாலேயே பல்லாண்டுகள் வாழ்ந்தனர். 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதனைத் தன் தொகுப்பில் சேர்த்தது. 2022 டிசம்பரில் படங்களோடு கூடிய பதிப்பு விற்பனைக்கு வந்தபோது, சில வாரங்களிலேயே ஏறத்தாழ 5 இலட்சம் படிகள் விற்றன. பதினாறு ஆண்டுகள் கதை சொல்லி வந்தோரின் பரிந்துரைக்குக் கிடைத்த அறுவடை அது.

கதவு திறந்தது; வெள்ளமும் வந்தது

2003இல் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையைத் தொடங்கியது. 2005 முதல் பிறர் படைப்புகளும் அங்கு விற்கப்பட்டன. எனினும், எதனை ஏற்பது என்பதை நிறுவனத்தாரே முடிவுசெய்தனர். 2008இல் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜோனதன் புளோவின் 'பிரெய்ட்' வெளிவந்து, காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் புதுமையால் சிறு விளையாட்டுக்குப் பெருமதிப்பைத் தேடித்தந்தது. 2010இல் விரும்பிய விலையைக் கொடுத்து விளையாட்டுகள் பலவற்றை ஒருங்கே வாங்கும் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்னும் தொகுப்பு தோன்றியது. அறிந்த ஒன்றை நாடி வந்தவர் அறியாத நான்கினையும் பெற்றுச் சென்றனர்.

2012 ஆகஸ்டில் ஸ்டீம் கடை 'கிரீன்லைட்' என்னும் வாக்களிப்பு முறையைக் கொணர்ந்தது. மக்கள் வாக்குப் பெற்றவை விற்பனைக்கு வரும். இம்முறையில் வெளிவந்தவற்றுள் லூக்காஸ் போப் 2013இல் படைத்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' குறிப்பிடத்தக்கது. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் ஆடுபவர் அதிகாரியாய் அமர்கிறார். கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். தவறினால் ஊதியம் குறையும். வீட்டில் பசியும் குளிரும் மிகும். தாள் சரியில்லாத தாய் ஒருத்தி மகனைக் காணவேண்டும் எனக் கண்ணீர் விட்டால் என் செய்வது? சட்டமா, இரக்கமா, தன் குடும்பமா என்னும் வினாவை ஆடுபவர் தம் கையாலேயே முத்திரை குத்தி விடையிறுக்க வேண்டும். அறநூல் வகுப்பில் எழக்கூடிய வினாவொன்றை ஒரு சிறு விளையாட்டு எழுப்புகின்றது.

ஆனால், வாக்களிப்பு முறைக்கும் குறை நேர்ந்தது. வாக்களிப்போர்க்கு இலவசப் படி தருவதாகக் கூறி வாக்குச் சேர்த்தோர் உண்டு. உழைப்பின்றி ஒட்டிய படைப்புகளும் நுழைந்தன. 2017இல் அம்முறை கைவிடப்பட்டு, ஒரு படைப்புக்கு 100 டாலர் கட்டணம் செலுத்தினால் எவரும் நுழையலாம் என்னும் முறை வந்தது. விளைவு பெருவெள்ளம். 2023ஆம் ஆண்டில் மட்டும் அக்கடைக்கு வந்த புதிய விளையாட்டுகள் 14,000க்கும் மேற்பட்டவை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 என்னும் கணக்காகிறது. நுழைவதற்குக் கதவில்லாமை முற்காலத் துன்பம். நுழைந்தபின் கூட்டத்தில் காணாமற்போதல் இக்காலத் துன்பம். விற்றதையே மேலும் காட்டும் இயந்திரக் கணக்கு, விற்காததன் அருமையை எவ்வாறு அறியும்?

காலந்தாழ்ந்து வந்த புகழ்

இதற்கு 'அமாங் அஸ்' நல்ல சான்று. மிகச்சிறிய குழு ஒன்று உருவாக்கிய அவ்விளையாட்டு 2018 ஜூனில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் பெரும்பாலோர் அதனை அறியவில்லை. 2020இல் நோய்த்தொற்றால் மக்கள் வீட்டில் அடைபட்டிருந்தபோது, தாம் ஆடுவதைப் பிறர்க்கு ஒளிபரப்பும் ஆட்டக்காரர் சிலர் அதனைக் கண்டெடுத்து ஆடினர். சில திங்களில் உலகெங்கும் அதுவே பேச்சாயிற்று. விளையாட்டு மாறவில்லை, அதனை எடுத்துக்காட்டியோர் வாய்த்தனர்.

இவ்வாறு வாய்க்கப்பெறாதன எத்தனை? அவற்றைத் தேடும் பணியைச் சிலர் மேற்கொண்டனர். 2013இல் லீஃப் கொர்கொரன் தொடங்கிய 'இட்ச்.ஐஓ' என்னும் தளத்தில் படைப்பாளரே தம் விலையை முடிவுசெய்யலாம். 2020 ஜூனில் இன நீதிக்காக அத்தளத்தார் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். குறைந்த விலை 5 டாலர். அதில் அடங்கிய படைப்புகள் 1,700க்கு மேல். திரண்ட நன்கொடையோ 80 இலட்சம் டாலருக்கு மேல். ஒரு பெரும் நூலகம் ஒரே நாளில் கைக்கு வந்தது போன்றதாயிற்று. அதனுள் எதனை முதலில் எடுப்பது என்று வாங்கியோர் திகைத்தனர். பலர் அமர்ந்து ஒவ்வொன்றாய் ஆடி, தம் குறிப்புகளைப் பிறர்க்கு எழுதினர். நூலகம் இருந்தால் போதாது. நூலகரும் வேண்டும் என்பது அன்று விளங்கியது.

தமிழ்க் குடும்பம் ஒன்றன் கதை

2023 ஜூலை 31ஆம் நாள் கனடாவின் டொரோண்டோ நகரிலிருந்து 'வெண்பா' என்னும் விளையாட்டு வெளிவந்தது. உருவாக்கிய குழுவின் பெயர் 'விசை கேம்ஸ்'. 1980களின் இறுதியில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின் ஆகியோரின் வாழ்வே அதன் பொருள். அதில் போர் இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை. தாயின் வீட்டிலிருந்து வந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கின்றது. விடுபட்டதை ஊகித்து, இட்டலியையும் புட்டையும் பிறவற்றையும் முறைப்படி சமைப்பதே ஆட்டம். சமையலுக்கு இடையிடையே அக்குடும்பத்தின் ஆண்டுகள் கடக்கின்றன. பள்ளியில் பிறர்முன் கூசும் மகன், வீட்டு உணவிலிருந்தும் வீட்டு மொழியிலிருந்தும் மெல்ல விலகுகின்றான். விலகியவன் திரும்பி வரும்போது அக்குறிப்பேடே அவனுக்குப் பாடநூலாகின்றது.

சிதைந்த ஏட்டை ஒப்புநோக்கி விடுபட்ட சொல்லைக் காணும் பதிப்பாசிரியரின் பணியை, அடுக்களையில் நின்று ஒரு தாய் செய்கின்றாள். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கவினை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவனை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் முடியும் இவ்விளையாட்டு, 2024 மார்ச்சில் முன்னர்க் கூறிய சியூமஸ் மெக்நாலி பெரும்பரிசைப் பெற்றது. கனடிய இளைஞர் ஒருவர் பெயரால் அமைந்த பரிசு, கனடாவில் உருவான தமிழ்க் கதைக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே பிரிட்டனின் 'பாஃப்டா' அமைப்பும் முதற்படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. தமிழ் யாப்பின் பெயரொன்றைத் தமிழறியா நடுவர்கள் மேடையில் படித்தனர்.

இவ்விரு நாடுகளும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. சிங்கப்பூரின் 'தி ஜென்டில்புரோஸ்' குழு 2017இல் 'கேட் குவெஸ்ட்' விளையாட்டையும், கோலாலம்பூரின் 'மெட்ரோனோமிக்' குழு 2020இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' விளையாட்டையும் வெளியிட்டன. உள்ளூரில் உருவானது உள்ளூர் மாணவர்க்கு அறிமுகமாகாமல் போவது முறையன்று.

கறையான் அரித்த ஏடுகள்

பரிந்துரை இல்லாத படைப்பு மறக்கப்படும். மறக்கப்பட்ட படைப்பு அழியும். ஓலைச்சுவடியைக் கறையான் தின்றது. கணினி விளையாட்டைக் காலம் தின்கின்றது. நியூகிரவுண்ட்ஸ் போன்ற தளங்களில் இருந்த எண்ணற்ற சிறு விளையாட்டுகள் 'ஃப்ளாஷ்' என்னும் மென்பொருளை நம்பியிருந்தன. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்தியது. இணைய உலாவிகளில் அவை இயங்காமற்போயின. இது நேரும் என முன்னரே உணர்ந்த ஆர்வலர், 2018 முதல் 'ஃப்ளாஷ்பாயிண்ட்' என்னும் திட்டத்தின்வழி அவற்றைத் திரட்டி, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைக் காத்தனர். எதனைக் காப்பது என்று அவர்க்குக் கூறியவர் யார்? சிறுவயதில் ஆடியதை நினைவில் வைத்திருந்தோரே. பெயர் நினைவில்லாத படைப்பைத் தேடவும் இயலாது.

2023இல் அமெரிக்க விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. பெருநிறுவனப் படைப்புகளுக்கே இந்நிலை எனில், தனியொருவர் படைப்பின் நிலை கூறவேண்டுவதில்லை.

பரிந்துரையின் இலக்கணம்

அறுபது ஆண்டு வரலாற்றில் வாயில்கள் மாறிக்கொண்டே வந்துள்ளன. ஆய்வுக்கூடம், இதழ், நெகிழ்வட்டு, விருது, வாக்கு, இயந்திரக் கணக்கு என ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. மாறாதது ஒன்றே. சுவைத்தறிந்த ஒருவர் மற்றொருவரிடம் சொல்லும் சொல்லே அது. அச்சொல் பயனுடையதாதற்குச் சில நெறிகள் உள. பரிந்துரைப்பவர் அதனைத் தாமே முற்றும் ஆடியிருத்தல் வேண்டும். படைத்தவர் பெயரைச் சொல்லுதல் வேண்டும். நன்று என்பதோடு நில்லாமல், எதனால் நன்று என்று காட்டுதல் வேண்டும். குறை உண்டெனில் மறையாது கூறுதல் வேண்டும். யாருக்கு ஏற்றது, எவ்வயதினர்க்கு ஏலாதது என்பதையும் உரைத்தல் வேண்டும். எல்லாரும் போற்றுகின்றனர் என்பது ஒருபோதும் காரணமாகாது.

இந்நெறிகளைக் கற்பிக்க ஆசிரியர் கணினி விளையாட்டில் வல்லவராய் இருக்க வேண்டியதில்லை. மாணவன் ஒருவனிடம், அவன் ஆடியவற்றுள் பிறர் அறியாத ஒன்றைத் தேர்ந்து, அதன் சிறப்பையும் குறையையும் இருபது வரிகளில் நல்ல தமிழில் எழுதித்தருமாறு கேட்டாற்போதும். ஆடுவதில் கழிந்த நேரம் அன்று ஆராய்வதில் கழியும். எல்லாரும் ஆடுவதையே தானும் ஆடும் மாணவன், தானே தேடிக் கண்டதைத் தன் மொழியில் எடுத்துரைக்கத் தொடங்குவான். லட்லோ சிற்றூரின் பள்ளி மாணவர்க்கு இயன்றது, இந்நாட்டுத் தமிழ் மாணவர்க்கு இயலாததன்று.

குடந்தையில் எழுந்த வினா எளியது. பயின்றவை எவை என்பதே அவ்வினா. அதனைக் கேட்டவர்க்குப் பெரும்பொருட் செலவில்லை. கேட்கப்பட்டவர்க்கோ வாழ்நாட்பணி கிடைத்தது. இன்றைய வகுப்பறையிலும் அத்தகைய வினா எழவேண்டும். குடத்துள் எரியும் விளக்குகள் பல. அவற்றை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்துவைப்பதற்குக் கைகள் வேண்டும். அக்கைகள் மாணவர் கைகளாய் இருப்பின், விளக்கோடு அவர்தம் முகமும் ஒளிபெறும்.